எலி செய்ய வேண்டிய உதவி

பொடியன் எலிப்பொறியைத் திறந்துவிட்டான். உள்ளே இருந்த எலி ஒரே ஓட்டமாக ஓடி, தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த பொந்துக்குள் புகுந்துகொண்டது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தைக்க வந்த துணிகளை எல்லாம் குதறிய எலி அது. அப்பா படாத பாடு பட்டு இன்றைக்குத்தான் அதைப் பிடித்திருந்தார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அப்பா உன் தோலை உரிச்சிடுவாரு!"

"நீதானே கதை சொன்ன?"

சொன்னவள் அவள்தான். வீட்டில் இருக்கும் சின்னவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவள் சொன்ன கதையில், சிங்கம் எலியைப் பிழைத்துப்போ என்று விட்டது. பிறகு அந்த எலியே வலையைக் கடித்துச் சிங்கத்தைக் காப்பாற்றியது.

"இதுல இருந்து என்ன தெரியுது?" என்று கதை முடிந்ததும் டீச்சர் மாதிரியே கேட்டாள்.

"நாம உதவி பண்ணா, அவங்களும் நமக்குப் பண்ணுவாங்க!" என்று பொடியன் டாண் என்று பதில் சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அவன் தரையில் படுத்து, பொந்தில் வாயை வைத்துப் பேசினான். "எலியே, நான் உன்னை விட்டுட்டேன்ல? போய் எங்கம்மாவைக் கூட்டிட்டு வா."

அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அம்மா ரொம்ப தூரம் போயிருக்கா" என்றுதான் அப்பா அவனிடம் சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

எலி கூட்டி வரும் என்று சொல்லிவிடலாமா என்று அக்கா யோசித்தாள். சொன்னால் அவன் நாளைக்கும் இங்கேதான் படுத்துக்கிடப்பான். அதற்கு மறுநாளும்.

அவளும் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"எலியால முடியாதுடா. அதுக்குக் கடிக்க மட்டும்தான் தெரியும்."

"அப்போ சிங்கம்?"

"சிங்கத்தாலயும் முடியாது. அம்மா செத்துப் போயிட்டாங்கடா. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க."

"எனக்காகக்கூடவா?"

"உனக்காக வர முடிஞ்சா, அப்பவே ஓடி வந்திருப்பாங்க."

பொடியன் விசித்து விசித்து அழுதான். அவளும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலிப் பொறியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, இருவரையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்டம்மா" என்றார்.

வெகுநேரம் கழித்துப் பொடியன் மூக்கை உறிஞ்சினான். "எலியை மறுபடியும் பிடிப்பீங்களாப்பா?"

அப்பா எழுந்து, வெட்டி மிஞ்சிய துணியில் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து ஒரு கைப்பிடி எடுத்துப் பொந்தருகே வைத்தார்.

"நல்ல துணியைக் கடிக்காம இதை எடுத்துக்கச் சொல்லு."

பொடியன் மறுபடியும் படுத்து, பொந்துக்குள் அப்படியே சொன்னான். அம்மாவைப் பற்றி அதனிடம் எதுவும் கேட்கவில்லை.