இரண்டு தட்டு

செவ்வாய்க்கிழமை மதியம் ஓல்மேதோ வண்டியை வீட்டு முற்றத்துச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தினான். பிரேக் பெடல் அடிவரைக்கும் போய், போனால் போகிறது என்று கடைசியில்தான் பிடித்தது. தங்கை தர்ஹேலியா யூகலிப்டஸ் கட்டையோடு தயாராக நின்றிருந்தாள். குனிந்து, கையால் தடவிப் பார்த்து, முன்சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

“வெச்சாச்சு அண்ணே. காலை எடு.”

அந்த வண்டியில் கைப்பிரேக் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் நழுவும். யாராவது இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ வைத்த பிறகுதான் ஓட்டுகிறவன் பெடலிலிருந்து காலை எடுப்பான். அந்த மலையில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது வழக்கம்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழே பாபாஓயோ ஆஸ்பத்திரியில் தர்ஹேலியாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. ஆக, முப்பது வயதான இந்தப் பிக்கப் வண்டிதான் நாற்பத்து மூன்று வளைவு இறக்கி அவளைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு பிரேக் வேண்டும்.

பின்சக்கரங்களைக் கழற்றியபோதே அவனுக்கு வயிறு எரிந்தது. லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே தெரிந்தது. டிரம் துருவேறி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, கெட்ட வார்த்தை சொல்லி ஒருவழியாகக் கழற்றினான். புது பிரேக் ஷூவை மாட்டும்போது ஸ்பிரிங் இரண்டு தடவை கையைவிட்டுத் துள்ளி உருளைக்கிழங்குப் பாத்திக்குள் விழுந்தது. முட்டி போட்டுத் தேடினான். ஒரு விரலில் தோல் வழன்றிருந்தது.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிரேக் ஆயில் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பதுதான் உயிரை வாங்கியது.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் பெடலை நாலு தடவை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். கீழே படுத்திருப்பவன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நட்டைத் திறப்பான். காற்றும் ஆயிலும் பீறிடும். நட்டை மூடிவிட்டு ‘விடு’ என்பான். அவன் சொல்கிறவரை மேலே காலை எடுக்கக் கூடாது.

“மிதி.”

“மிதிச்சாச்சு அண்ணே.”

“விடு.”

“விட்டாச்சு.”

நாலு சக்கரத்தையும் இப்படி ஐந்து சுற்று முடித்தார்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்து ஓல்மேதோ ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி உள்ளே போனது.

“நீ பாதியில காலை எடுக்கிறியா?”

“கண்ணுதான் தெரியல அண்ணே. காலு நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் எப்படி காத்து வருது?”

“என்னைக் கேட்டா? நீதான கீழ படுத்திருக்க.” அவள் இறங்கி முழங்காலை நீவிக்கொண்டாள். “அவரு இருந்தா ஒரே சுத்துல முடிஞ்சிருக்கும்.”

ஓல்மேதோ ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவர் என்றால் அப்தோன், தர்ஹேலியாவின் புருஷன். இருபது வருஷம் ஓல்மேதோவோடு இதே வண்டியில் சீஸ் ஏற்றிக் கீழே போனவன். அதிகம் பேசமாட்டான். வண்டிக்கு அடியில் இருந்தாலும் மேலே இருந்தாலும் தட்டிக் காட்டுவதோடு சரி. இரண்டு தட்டினால் மிதித்துப் பிடித்திரு என்றோ, பிடித்திருக்கிறேன் என்றோ அர்த்தம். ஒரு தட்டு என்றால் விடு, விட்டாச்சு. வேலை நடந்தால் அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்கும். நெஞ்சுச் சளிக்கு எந்நேரமும் மெந்தால் தைலம் பூசியிருப்பான். அவன் வருவதற்கு முன்னால் அந்த வாடை வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இறக்கத்தில் பதினேழாவது வளைவில், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் போனவன் பின்சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனான். ஆள் செத்த இடத்தில் வரைகிற நீல இதயத்தை அங்கேயும் ரோட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அவனே அவசரப்பட்டுக் கீழே போய்விட்டான் என்று ஓல்மேதோ போலீசுக்குச் சொன்னான், ஊருக்குச் சொன்னான், தங்கைக்கும் சொன்னான். “கல்லு வைக்காம கீழ போற ஆளா அண்ணே அவரு?” என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

“சோளத்தை அடுப்புல வெச்சுட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் போனாள்.

மூன்று மணி ஆனதும் மூடுபனி வந்தது. தினமும் வருவதுதான். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, வேலியைத் தாண்டி, முற்றத்தில் நிறைந்தது. கோழிகள் அடங்கின. ஐந்தடி தள்ளி இருந்த சமையலறைச் சுவர் தெரியவில்லை. ஓல்மேதோ வண்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்தான். இடுப்பில் ஈரம் ஏறியது. போன சுற்றில் நட்டைச் சரியாக மூடவில்லையோ என்று விரலால் தடவிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

“இந்த இரும்பு எழவை மலையில இருந்து உருட்டி விட்டுருக்கணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலே பெடல் கிறீச்சிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

பிறகு கதவுத் தகட்டில் டக், டக்.

“வந்துட்டியா? வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா?” என்று முணுமுணுத்துவிட்டு நட்டைத் திறந்தான். ஆயில் கையில் பீறிட்டது. ஒரு குமிழி இல்லை. மூடினான்.

“விடு.”

டக்.

இந்தத் தடவை அழுத்தம் வேறு மாதிரி இருந்தது. பலமான கால். அடுத்த சக்கரத்துக்கு உருண்டு போனான். மிதி என்று அவன் சொல்வதற்கு முன்பே பெடல் கிறீச்சிட்டது, இரண்டு தட்டு விழுந்தது. மூன்றாவது சக்கரம். மதியத்திலிருந்து முதல் தடவையாக அவனுக்கு எரிச்சல் தணிந்தது. அப்படித்தான் தங்கச்சி, அப்படித்தான் என்றுகூடச் சொன்னான். நாலாவது சக்கரத்தில் நட்டைத் திறந்து, மூடி, ‘விடு’ என்று சொல்ல வாயெடுத்தான்.

“அண்ணே.”

சமையலறைப் பக்கமிருந்து குரல் வந்தது.

“சோளம் வெந்துடுச்சு. சாப்பிட்டுட்டு மிதிக்கலாமா?”

ஓல்மேதோ அப்படியே கிடந்தான்.

கையில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ எங்க இருக்க?”

“அடுப்புகிட்ட. எங்க இருப்பேன்?”

அவன் மெல்ல வெளியே நகர்ந்து எழுந்தான். ஓட்டுகிறவன் பக்கக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. சீட்டின் கிழிந்த ரெக்சின் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. பிரேக் பெடல் தரையோடு அழுந்தி நின்றது.

அழுந்தியே நின்றது.

பனிக்குள் மெந்தால் வாடை வந்தது.

அவன் சொல்வதற்காக யாரோ பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் அவன் குரல் காற்றாகத்தான் வந்தது.

“விடு.”

பெடல் மெதுவாக மேலே வந்தது. சீட் நிமிர்ந்தது. அவன் கை வைத்திருந்த கதவில், கைக்குப் பக்கத்திலேயே, ஒரே ஒரு தட்டு.

தர்ஹேலியா சோளத் தட்டோடு வந்தபோது அவன் கோழிக்கூண்டுப் பக்கம் நின்றிருந்தான். அவள் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

“அடே, நின்னுடுச்சே. தனியா எப்படி எடுத்த?” என்றவள் மூக்கை உறிஞ்சினாள். “தைல வாசனை அடிக்குது அண்ணே.”

“முதுகு வலின்னு நான்தான் போட்டேன்.”

அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பிக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு சோளத்தையும் சீஸையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து செய்யலாமா என்று அவன் யோசித்தான். பஞ்சுப் பெடலோடு மலை இறங்க முடியாது. யார் எடுத்த காற்றாக இருந்தால் என்ன, பிரேக் பிடிக்கிறது, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தேறவில்லை.

காலையில் ஐந்தரைக்கு வண்டியை எடுக்கப் போனபோது முன்சக்கரத்துக்கு அடியில் யூகலிப்டஸ் கட்டை இல்லை. அது வேலியோரம் கிடந்தது. அதன் இடத்தில் ஒரு கல் இருந்தது. தேங்காய் அளவு, நடுவில் வெள்ளை வரி. முற்றத்தில் அப்படிக் கல் எதுவும் கிடையாது. ஓல்மேதோ அதைத் தங்கைக்குத் தெரியாமல் பள்ளத்தில் வீசினான். கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

வண்டி அருமையாக இறங்கியது. தொட்டால் நின்றது. முதல் பதினாறு வளைவுக்குள் அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பதினேழாவதில் தர்ஹேலியா அவன் கையைத் தொட்டாள்.

“ஒரு நிமிஷம் நிறுத்து. கண்ணு கட்டுறதுக்கு முன்னால அவர்கிட்ட சொல்லிட்டு வரேன்.”

“வர்றப்ப சொல்லிக்கலாம்.”

“நிறுத்து அண்ணே.”

நிறுத்தினான். செங்குத்தான இறக்கம். சாலையில் பனி கிடந்தது. நீல இதயம் வண்டிக்கு நேர் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் வந்திருக்கும். அவள் கதவுக் கைப்பிடியைத் தேடினாள்.

“கல்லு வைக்கட்டுமா?”

“கல்லு வேண்டாம். நான்தான் மிதிச்சிட்டு இருக்கேன்ல.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கும் இதே இடத்தில், வெள்ளை வரி ஓடிய கல்லைக் கையில் தூக்கிக் காட்டி நின்ற மச்சானிடம் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான். இதே எரிச்சலோடு.

டக். டக்.

காலுக்குக் கீழே, தரைத் தகட்டில்.

தர்ஹேலியாவின் கை கைப்பிடியிலேயே நின்றது. மெந்தால் வாடை வண்டிக்குள் நிறைந்தது.

“கேட்டுச்சா அண்ணே?”

“ம்.”

“அன்னைக்கு எத்தனை தட்டினாரு?”

அவன் கண்ணாடி வழியாக வெறும் பனியைப் பார்த்தான். பெடலை இன்னும் அழுத்தினான்.

“ரெண்டு.”

“நீ என்ன பண்ண?”

“நேரமாயிடுச்சுன்னு கடுப்புல இருந்தேன். முதல் தட்டு கேட்டதுமே காலை எடுத்துட்டேன்.” அவன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தான். “கல்லு வைக்கிறேன்னுதான் நின்னான். நான்தான் வேண்டாம்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடு தாயி.”

அவள் அழவில்லை. போன்சோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலையைத் தரைப் பக்கம் சாய்த்து நெடுநேரம் கேட்டாள்.

“விடச் சொல்ற ஒத்தத் தட்டு இன்னும் வரல,” என்றாள்.

“ஒம்போது மணிக்கு ஆஸ்பத்திரி.”

“எட்டு மாசம் காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் காத்திருக்கேன். நீ காலை எடுக்காத.”

பனி கலைந்தது. வெயில் வந்தது. பால் வண்டி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. ஓல்மேதோவின் கால் இடுப்புவரை மரத்துப்போயிருந்தது. மறு காலையும் பெடல்மேல் வைத்து இரண்டு காலாலும் அழுத்தினான். பெடல் கல் மாதிரி நின்றது. அடியில், தரைத் தகட்டுக்கு அந்தப் பக்கம், சளி கட்டிய நெஞ்சிலிருந்து மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது மணி ஆனது, பத்தும் ஆனது. அந்த ஒரு தட்டு வரவில்லை.