நூல் விட்ட குழம்பு

மார்க்கையன்கோட்டைக்கு வெளியே, வயலுக்கு நடுவில் இருந்த கர்ணனின் தோட்டத்து வீட்டுக்கு ஜாஸ்பர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. கையில் ஒரு தூக்குவாளி. மதியம் கர்ணனுக்குக் கருமாதி முடிந்து ஊருக்குப் போட்ட கறிச்சோற்றில் மிஞ்சியது அதில் இருந்தது.

கொடுத்துவிட்டவள் கர்ணனின் மனைவி ராஜாத்தி. "அவுக இருந்தா ஒங்களுக்குத்தான் குடுத்துவிடச் சொல்வாக. வழக்கம்போல தோட்டத்து வீட்டுல வச்சுச் சாப்பிடுங்கண்ணே" என்றாள். பந்தியில் ஒரு சொந்தக்காரர், அவள் காதில் விழும்படியே, "குடிச்சுட்டுக் காரை ஓட்டிச் செத்த பயலுக்கு இவ்வளவு தடபுடலா" என்று கேட்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சோறு பரிமாறினாள். ஜாஸ்பருக்கு அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

உள்ளே விஜய்பாண்டியும் மதன்குமாரும் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கர்ணனோடு சேர்த்து நால்வரும் கல்லூரிக் கூட்டாளிகள். வாகமண் போன கடைசிப் பயணத்துக்கு ஜாஸ்பர் மட்டும் போகவில்லை. தேனி பஜாரில் கடையைப் போட்டுவிட்டு நகர முடியவில்லை. திரும்பி வரும்போது குமுளி மலைப்பாதையில் கார் மரத்தில் மோதியது. கர்ணன் போய்விட்டான். மற்ற இருவருக்கும் வெறும் சிராய்ப்பு. கர்ணன்தான் ஓட்டினான் என்றார்கள். ஊரும் நம்பிவிட்டது.

விஜய்பாண்டி குழம்பைச் சட்டியில் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்தான். சுண்டவைத்த கறிக்குழம்பு மறுநாள் வரைக்கும்கூடக் கெடாது. மூவரும் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார்கள். கர்ணன் உட்காரும் பலகை சும்மா கிடந்தது.

"அடுத்த மாசம் வால்பாறைக்கு ஒரு டிரிப் போடுவோம்டா. புது வண்டி எடுத்துருவோம்" என்றான் விஜய்பாண்டி.

ஜாஸ்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் கருமாதிச் சோத்தத் தின்னுக்கிட்டே டிரிப்பு பேசுறியே, நீயெல்லாம் மனுசனாடா?"

"அதுக்காக நாங்களும் சாகணுமா? அவன் ஓட்டுனான், இடிச்சான். நாங்க என்னடா பண்ண?"

கரண்ட் போனது.

அடுப்புக் கங்கின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. எங்கிருந்தோ எலுமிச்சம்பழ வாசம் வந்தது, அப்போதுதான் நகத்தால் தோலைக் கீறியது போல. வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை.

ஜாஸ்பருக்கு அந்த வாசம் தெரியும். மலைப்பாதை என்றாலே கர்ணனுக்குத் தலை சுற்றும். அடிவாரம் வரும்வரை முன்சீட்டில், இடது பக்கம், எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கீறி மோந்துகொண்டே வருவான்.

"மலையில அவன் என்னைக்குடா ஸ்டியரிங்கத் தொட்டான்?"

"அன்னைக்குத் தொட்டான்" என்று சொல்லிவிட்டு விஜய்பாண்டி கவளத்தைத் தூக்கினான்.

கையோடு நூல் வந்தது.

தட்டிலிருந்து விரல் வரைக்கும் வழவழவென்று, அறுபடாத நூல். ஊசிப்போன சோற்றின் நாற்றம் குப்பென்று எழுந்தது. மதன் தட்டிலும் அதே நூல், அதே நாற்றம். ஜாஸ்பர் தட்டில் மட்டும் சோறு நன்றாக இருந்தது. மூன்றும் ஒரே சட்டிக் குழம்பு.

மதன் தட்டைத் தள்ளி வைத்தான். "சொல்லிருவோம்டா, விஜய்."

"வாய மூடுறா."

"அவன் ஓட்டல, ஜாஸ்பர். குடிச்சுட்டு ஓட்டுனது விஜய். போலீஸ் வர்றதுக்குள்ள நாங்கதான் கர்ணனத் தூக்கி ஸ்டியரிங் பக்கம் மாத்தி ஒக்கார வச்சோம்."

மதன் தட்டில் நாற்றம் நின்றது. நூலும் இல்லை. விஜய்பாண்டியின் விரலில் தொங்கிய நூல் மட்டும் அப்படியே இருந்தது.

"தூக்குனப்ப உசுரு இருந்துச்சா?" ஜாஸ்பர் மெதுவாகத்தான் கேட்டான்.

விஜய்பாண்டி விரலில் தொங்கிய நூலைத் தட்டின் விளிம்பில் தேய்த்தான்.

ஆளில்லாத பலகையில் நகம் எதையோ கீறியது.

சர்ர்க்.

சர்ர்க்.

ஜாஸ்பர் பாய்ந்து விஜய்பாண்டியின் சட்டையைப் பிடித்தான். "எந்திரி. இப்பவே தங்கச்சி ராஜாத்திகிட்ட வந்து சொல்லு." விஜய்பாண்டி கையை உதறி, "எனக்கும் பிள்ளகுட்டி இருக்குடா" என்று கத்திக்கொண்டே மழையில் இறங்கி ஓடிவிட்டான்.

மதனை இழுத்துக்கொண்டு ஜாஸ்பர் ராஜாத்தி வீட்டுக்குப் போனான். மதன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் அழவில்லை. "ஓட்டுனவுக எங்க? அவுக வாயால சொல்லட்டும்" என்றாள்.

அடுத்த வாரம், தேனி பஜாரில் ஜாஸ்பர் காலைப் பலகாரம் சாப்பிடும் ஓட்டலுக்குள் விஜய்பாண்டி வந்து எதிரே உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மதன் போலீசிலும் சொல்லிவிட்டான். இவன் மட்டும் இன்னும் இல்லையென்று சாதித்துக்கொண்டிருந்தான். சர்வர் ஆவி பறக்க இட்லி வைத்தார். விஜய்பாண்டி பிட்டான்.

நூல்.

தட்டை மாற்றச் சொன்னான். அதிலும் நூல். சுற்றிலும் எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணிகூட நாறுதுடா" என்று கிசுகிசுத்தான். கண்ணில் நீர் வழிந்தது.

ஜாஸ்பருக்குத் துளி இரக்கம் வரவில்லை. "மார்க்கையன்கோட்டைக்கு பஸ் இருக்கு. போய்ச் சொல்லு."

"நான் ஓட்டலடா..."

எலுமிச்சம்பழ வாசம் வந்தது. மேசைக்கு அடியில் நகம் கீறியது.

ஜாஸ்பர் குனிந்து பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியை, ஒரு ஆள் உட்காரத் தோதாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு, தன் இட்லியைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டான்.