கூடு விழிக்கும் நேரம்

ஆணைக்கூட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ரெமிஜியா கொட்டாவி விட்டாள். தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் நின்ற அந்த மிதவைத் துறைமுகத்தில் சரக்கேற்றும் பளுதூக்கிகளுக்கு விசைப்பலகை கிடையாது. இயக்குபவர் நினைப்பதைக் கூடு கட்டளையாக்கி அனுப்பும். அதற்கு முன் கூட்டின் கூறுகள் ஒவ்வொன்றாக விழிக்க வேண்டும். காற்றை அளக்கக் காற்றுக்கூறு, சுமையை அளக்க எடைக்கூறு, மழையை அறிய மழைக்கூறு. வெயில் கொளுத்தும் நாளிலும் மழைக்கூறு விழித்த பிறகுதான் வேலை தொடங்கும்.

கப்பல்காரர்கள் பொறுமையிழந்து வேறு துறைமுகம் பார்த்தார்கள். இந்தத் தாமதம் குறையாவிட்டால் பளுதூக்கிப் பிரிவை மூடிவிடுவோம் என்றது நிர்வாகம். ரெமிஜியாவுக்கு வேறு வேலை தெரியாது. அவள் சம்பளத்தில்தான் அவளும் மகளும் சாப்பிட்டார்கள்.

எல்லாவற்றையும் முதலிலேயே ஏன் எழுப்ப வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கூடுகளைப் பராமரிக்கும் டார்வின் அப்படியே மாற்றியமைத்தான். எந்தக் கூறு தேவையோ அது அப்போது விழிக்கும். தாமதம் பெருமளவு குறைந்தது. மிச்சமிருந்தது, இயக்குபவரின் மனம் நிலைகொள்ளக் கூடு காத்திருக்கும் நேரம். இயக்குபவர்களான எங்களையும் தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடட்டும் என்றாள் ரெமிஜியா. அதையும் செய்தான்.

கண்ணிமைக்கும் நேரத்தில் கூடுகள் விழித்தன. அன்றாடச் சரக்கைப் பளுதூக்கிகள் தாமாகவே ஏற்றி இறக்கின. கப்பல்கள் திரும்பி வந்தன. இயக்குபவர்கள் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்வறையில் படுத்திருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ரெமிஜியாவின் கழுத்துவலி விட்டது.

ஒரு மதியம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பளுதூக்கி கூப்பிட்டது. கொக்கி நழுவிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்து, கூட்டை மாட்டி, எதிரே என்ன நடக்கிறது என்று அவள் புரிந்துகொள்வதற்குள் பெட்டி கடலில் விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கொக்கியைப் பற்றி நிர்வாகம் கேட்கவில்லை. எங்கே தாமதம் என்று மட்டும் அளக்கச் சொன்னது.

அளந்து முடித்த டார்வின் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாம் டக்குடக்குன்னு எந்திரிக்குதுக்கா. ஒண்ணுதான் லேட்டு."

"எதுப்பா?"

"நீங்கதான்."

அப்படித் தாமதமாக விழிக்கும் கூறு ஒன்றை வழக்கமாக என்ன செய்வாய் என்று கேட்டாள் ரெமிஜியா.

"தூங்கவே விடமாட்டோம்க்கா. வேலை இல்லாட்டியும் பின்னால ஓடிக்கிட்டே கெடக்கும்."

மறுநாள் உத்தரவு வந்தது. பணியிடமோ வீடோ, இனி யாரும் கூட்டைக் கழற்றக் கூடாது. சம்மதிப்பவர்களுக்கு நிரந்தர வேலை. ரெமிஜியா முதல் ஆளாகக் கையெழுத்திட்டாள். மற்றவர்களும் இட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் விழவில்லை.

வீட்டில் மகள் அவள் மடியில் சாய்ந்து படுத்தாள். கூட்டின் விளிம்பு கன்னத்தில் இடித்தது. படுக்கும்போதாவது அதைக் கழற்றி வைக்கச் சொன்னாள்.

"வேண்டாம்ட்டி," என்றாள் ரெமிஜியா. அவள் பார்வை சுவரைத் தாண்டி எங்கோ இருந்தது. "கழட்டுனா அம்மா ஸ்டார்ட் ஆக நேரமாவும்."