மீரான் காக்காவின் இடது கை

சனிக்கிழமைதோறும் பொருநை மண்டலக் கண் மருத்துவர் சங்கம் ஏதாவது ஓர் ஊரில் முகாம் போடும். அன்றைக்கு முக்கூடல் நூலகத்தில் போட்டிருந்தார்கள். முகாம் என்றதும் பெரிய பெரிய கருவிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, சில நாற்காலிகள், டாக்டர் மீரானின் இடது கை. சங்கத்திடம் இருந்த நம்பகமான பரிசோதனைச் சாதனம் அந்தக் கை ஒன்றுதான்.

சுடலைமுத்து வந்து உட்கார்ந்தார். வாழைத்தோப்புக்காரர், அறுபதைத் தாண்டியும் ஆள் கிண்ணென்று இருந்தார். "நல்லா இருக்க கண்ணுக்கு என்னத்துக்கு டாக்டரு" என்று முனகியவரை அவருடைய மனைவி பேச்சியம்மாள்தான் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

மீரான் இடது கையை விரித்துக் காட்டினார். "எத்தன வெரலு அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி சார்? அஞ்சுதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாக்கேன். அஞ்சும் பளிச்சுன்னு தெரியுது. மோதர வெரல்லதான் மோதரத்தக் காணோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மீரானும் சிரித்தார். அவருடைய இடது கையில் மோதிர விரலே கிடையாது. கல்லூரிக் காலத்தில் படகு எஞ்சினின் பெல்ட் அதை அடியோடு கொண்டுபோயிருந்தது. காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் சங்கம் முழுக்க அவர் மீரான் காக்கா. முகாமில் மட்டும்தான் அந்தக் கை வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் பாண்ட் பாக்கெட்டுக்குள்தான் இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் சங்கச் செயலாளர் டாக்டர் ஆவுடையம்மாள் விடையைக் குறித்துக்கொண்டாள். எல்லா முகாம்களிலும் அவளுக்கு அதே நாற்காலி, அதே வேலை. அவள் பார்ப்பது எதிரே இருப்பவர்களின் முகத்தை. மீரானின் கை அவளுடைய கடைக்கண்ணில் எங்கோ ஆடிக்கொண்டிருக்கும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார் மீரான்.

சுடலைமுத்து கையை நீட்டித் தடவினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். அடுத்த இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே விரல் இருக்கிறது என்று கண் சொன்னது, இல்லை என்று கை சொன்னது. சூட்டில் பட்டதுபோல வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

ஆவுடையம்மாள் நிதானமாக விளக்கினாள். அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி செத்துவிட்டது. அங்கே அவர் காண்பதெல்லாம் கண்ணுக்குள் வைத்த விழியாடி, அதாவது லென்ஸ், உத்தேசமாக வரைந்து காட்டும் படம். அவர் காதில் அது ஏறியதா என்று தெரியவில்லை. திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியே இருக்காளேன்னு நெனச்சேன்" என்றார். "அப்ப இவ மொகம்?"

பேச்சியம்மாள் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினாள்.

நாற்பது வயதானால் எல்லோருக்கும் விழியாடி என்பது சட்டம். இலவசம். அதற்காகக் கொடி பிடித்ததே கண் மருத்துவர் சங்கங்கள்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊர்வலம் போய், கோட்டையில் மனுக் கொடுத்து, உண்ணாவிரதம் இருந்து வாங்கினார்கள். கண்புரை ஒழிந்தது, கண்ணாடிக் கடைகள் மூடின. பார்வையிழப்பு இல்லாத மாநிலம் என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை இன்று வரை யாரும் கழற்றவில்லை.

விழியாடிக்குள் நிரப்பி என்றொரு மென்பொருள் இருந்தது. மனிதக் கண்ணில் இயல்பாகவே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது தெரியாதபடி மூளை பூசி மெழுகிவிடும். நிரப்பியும் அதே உதவியைத்தான் செய்கிறது என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் விழித்திரை சாகச் சாக, பூசி மெழுகும் இடம் பெரிதாகிக்கொண்டே போனது. ஆளுக்கோ ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து விளக்கடித்து விழித்திரையைப் பார்க்கவும் விழியாடி விடாது. அதுவே சங்கத்துக்கு அறிக்கை அனுப்பும், நலம் என்று. தேர்வு எழுதுகிறவனே தாளையும் திருத்துகிற ஏற்பாடு.

நிரப்பிக்கு ஒரே ஒரு பலவீனம். உலகம் பொதுவாக எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கை என்றால் ஐந்து விரல், சுவர் என்றால் வெள்ளை, முகம் என்றால் வழவழப்பு. விலக்குகளை அது அறியாது. அதனால்தான் மீரானின் இடது கைக்கு அவ்வளவு கிராக்கி.

முந்தைய ஐப்பசி வெள்ளத்தில் கடனா ஆற்றின் மேலிருந்த ஒரு சிறுபாலம் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் காலை ஒரு பள்ளி ஆசிரியை அந்தப் பாலத்தின் மேல் நடந்தாள். அவளுடைய கண்ணில் பாலம் அப்படியே இருந்தது. உடலை மூன்று ஊர் தள்ளி எடுத்தார்கள். ஆவுடையம்மாள் நிரப்பிக்கு எதிராகக் கிளம்பியது அதன் பிறகுதான். தலைநகருக்கு நடையாய் நடந்தாள். "சனங்க சந்தோசமாத்தானே இருக்காங்க, நீங்க ஏம்மா கெடுக்கறீங்க?" என்று ஓர் அதிகாரி கேட்டார். கேட்டுவிட்டு அவரே ஒரு வழியையும் சொன்னார். பழைய போராட்டத்தின்போது போட்ட ஒப்பந்தப்படி, அந்தந்த மண்டலத்து விழியாடிகளின் அமைப்பை அந்தந்தச் சங்கத்தின் பொதுக்குழுவே மாற்றலாம். நிரப்பியை நிறுத்திவிட்டு, கண் செத்த இடத்தைக் கருப்பாகக் காட்டச் சொல்லலாம்.

ஆக, சண்டை வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

பொதுக்குழு பாளையங்கோட்டையில், வழக்கமான கல்யாண மண்டபத்தில் கூடியது. ஆவுடையம்மாள் உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்தாள்.

"மண்டபத்துக்கு வெள்ளையடிச்சிட்டாங்க போலிருக்கே சார்?"

தலைவர் டாக்டர் பிரமநாயகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெள்ளையா? போன மழையில ஒழுகுன கறை அப்படியேதான் இருக்கு. இவனாவது செலவழிக்கதாவது."

அவருக்கு எதிலும் குறை சொல்லித்தான் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு அவள் மேடையேறினாள்.

விவாதம் சூடாகவே நடந்தது. எதிர்ப்பு அணிக்குத் தலைவரே தலைவர்.

"நம்ம அப்பன்மாரு கொடி பிடிச்சு வாங்குன லென்ஸ் இது" என்றார் பிரமநாயகம். "ஒருத்தன் நிம்மதியா இருக்கான். அவனக் கூப்பிட்டு, ஒனக்குக் கண்ணு இல்லடேன்னு சொல்லவா நாம படிச்சோம்? சொல்லிட்டு, வேற கண்ணு குடுப்பமா? முடியாது. செத்த வெழித்திரைக்கு நம்மகிட்ட மருந்து இல்ல."

"மருந்து இல்லதான் சார்" என்றாள் ஆவுடையம்மாள். "ஆனா தனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சவன் கம்ப ஊணிப் பாத்து நடப்பான். ஆத்துல போயி விழமாட்டான். அந்த டீச்சருக்கு நம்ம சங்கம்தான கண்ணு நல்லாருக்குன்னு சர்டிபிகேட் குடுத்துச்சு?"

அந்தப் பேச்சில் பாதி சபை கைதட்டியது. மறுபாதி கைகட்டி உட்கார்ந்திருந்தது.

வாக்கெடுப்பு கைதூக்கித்தான். எண்ணவேண்டியது செயலாளர். நிரப்பியை நிறுத்தும் தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். ஆவுடையம்மாள் முன்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினாள். இரண்டாம் வரிசையில் மீரான் இருந்தார். அவருடைய வலது கையில் தேநீர் டம்ளர், அதனால் இடது கையைத் தூக்கியிருந்தார்.

அவள் நேருக்கு நேர் பார்த்தாள். அந்தக் கையில் ஐந்து விரல்கள் இருந்தன.

மோதிர விரல் மற்ற விரல்களைவிட அழகாகக்கூட இருந்தது. நகம் வெட்டியிருந்தது. அவள் கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரல் எங்கும் போகவில்லை. சுவரைப் பார்த்தாள். சுவர் பால்போல வெளுத்திருந்தது.

எண்ணாமல் நின்றவளைச் சபை பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் நான்கு விரல்தான் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு எண்ணி முடித்தால் ஒரு குஞ்சுக்கும் தெரியப்போவதில்லை. தீர்மானம் தோற்றால் இந்தப் பளிச்சென்ற உலகம் சாகிற வரைக்கும் கூடவே இருக்கும். ஜெயித்தால் இருட்டு.

மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நான் எண்ணக் கூடாது" என்றாள். "காக்கா கையில எனக்கு அஞ்சு வெரல் தெரியுது."

மீரான் டம்ளரைக் கீழே வைத்தார். தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிரமநாயகம் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். மைக்குக்கு எட்டாமல் சொன்னார். "யம்மா, விடு. அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம். ஒனக்கு நீயே குழி தோண்டாத."

"நீங்க ஒரு தடவ காக்கா கையப் பாருங்க சார்" என்றாள் அவள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதது. யாரும் அழைக்காமலே உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து மீரானுக்கு எதிரே வந்து நின்றார்கள். மற்றவர் கண்ணைப் பார்த்தே காலம் கழித்தவர்கள், தங்கள் கண்ணை யாரிடமும் காட்டியதில்லை. விடை எல்லோருக்கும் தெரிந்த தேர்வு அது. நாலு என்று பொய் சொல்லிவிட்டுப் போக எந்தத் தடையும் இல்லை. சிலர் சொல்லியும் இருப்பார்கள். ஆனாலும் ஐந்து என்ற சொல் அந்த மண்டபத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது. சமையல்காரர் இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார், சாம்பார் ஆறியது.

மறுபடி வாக்கெடுத்தார்கள். நாலு பார்த்த ஒருவர் எண்ணினார். ஐந்து பார்த்தவர்களில் சிலர் பயந்துபோய் அணி மாறி எதிர்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல ஆவுடையம்மாளுக்கு மனம் வரவில்லை. விவாதத்தில் எதிர்த்தவர்களில் சிலர் இப்போது ஆதரித்தார்கள். கடைசியாக, யாரும் எதிர்பாராமல், பிரமநாயகத்தின் கை மெதுவாக மேலே போனது. தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது.

ஆணை நடைமுறைக்கு வரக் கொஞ்ச நாள் அவகாசம் இருந்தது. ஆவுடையம்மாளுக்கு ஒரே மகள், செண்பகம். சின்ன வயதில் அம்மை போட்டு, அவளுடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. பொதுக்குழு முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் முதலில் தேடியது அதைத்தான்.

"என்னம்மா அப்படிப் பாக்க?"

"அந்தத் தழும்பு இருக்காடி?"

"அது எங்க போகும்? இருக்கு."

மாசு மருவில்லாத முகம் ஒன்று அவளைப் பார்த்துச் சொன்னது. இது தன் மகள் முகமில்லை என்று ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது. எப்போதிலிருந்து இல்லை என்பது தெரியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும், மிச்சமிருந்த நாளெல்லாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆணை வந்த அன்று காலை சங்க அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம். ஊர் ஊராகப் பலருக்குக் கண் நடுவே கருப்பு விழுந்திருந்தது. சங்கம் முன்கூட்டியே ஊன்றி நடக்க வெண்கோல்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. அப்படி ஒரு பொருள் இருந்ததையே பட்டறைக்காரர்கள் மறந்துபோயிருந்தார்கள், படம் வரைந்து காட்டித்தான் செய்ய வைக்கவேண்டியிருந்தது.

ஆவுடையம்மாள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கே பார்த்தாலும் பார்த்த இடத்தில் கருப்பு. அதைச் சுற்றி விளிம்பில் மட்டும் மங்கலாக உலகம். அந்த விளிம்பில், சுவரின் மூலையில், மழை ஒழுகிய பழுப்புக் கறை ஒன்று தெரிந்தது. அந்த அழுக்கைப் பார்த்து அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

வாசலில் சத்தம். சுடலைமுத்துவின் குரல். பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, மேசைகளில் மோதிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கண்ணக் குடுத்தவங்களே புடுங்கிட்டீங்களே! நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா? எங்க அந்த டாக்டரம்மா?"

"இங்கதான் இருக்கேன் அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள். "நீங்க நிக்கது தெரியல. எனக்கும் போச்சு."

பேச்சியம்மாள் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள்.

மீரான் எதிரே வந்து நின்றார். என்ன பேசுவதென்று தெரியாதபோது மனிதர்கள் பழகிய வேலையைத்தான் செய்வார்கள். கையை விரித்து நீட்டினார்.

"எத்தன வெரலு ஆவுட?"

அவள் கையை நீட்டினாள். காற்றில் ஒருமுறை துழாவிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், வெற்றிடம், சுண்டுவிரல். வெற்றிடத்தின் அடியில் தோல் மழுங்கி இறுகியிருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

"நாலு" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் அசைவு. சுடலைமுத்து திரும்பி, மனைவியின் முகத்தைக் கைகளால் தேடிப் பிடித்து, நெற்றியிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். கன்னத்துச் சுருக்கத்தில் விரல் நின்றது.

"கெழவி ஆயிட்டியேட்டி" என்றார்.

"நீங்க மட்டும் என்ன, புது மாப்பிள்ளையாவா இருக்கீக?" என்றாள் பேச்சியம்மாள். ஆனால் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை, அவர் இன்னும் தடவிக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் மீரானின் கையை விடவில்லை.

"காக்கா" என்றாள். "செண்பகத்தக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."