அட்டை எஞ்சின்

அவளுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர். இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். அளப்பதற்கு எதுவும் கிடைக்காவிட்டால் ஆட்களை அளப்பாள். மாமாவின் மூக்கு ஐந்தரை சென்டிமீட்டர் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவளும் அவள்தான். அன்று பூராவும் மாமா உர்ரென்று இருந்தார்.

அம்மா ஒரு மெக்கானிக். அம்மாவின் தம்பியான மாமாவும் மெக்கானிக். இருவரும் ஒரு வாடகைக் கொட்டகையில் ஒர்க் ஷாப் நடத்தினார்கள். அங்கே மூன்று பழைய பி.எம்.டபிள்யூ கார்கள் நின்றன. பச்சைக் கார் அவர்களுடைய சொந்தக் கார். உடம்பு நன்றாக இருந்தது, எஞ்சின்தான் மண்டையைப் போட்டுவிட்டது; அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. சிவப்புக் கார் பின்பக்கம் இடிபட்டுச் சப்பளிந்து போயிருந்தது, ஆனால் எஞ்சின் அருமை. சாம்பல் நிறக் காரைத் துரு தின்றுவிட்டது. அதில் கியர் பாக்ஸும் ரேடியேட்டரும் தேறின.

மூன்றையும் வைத்து ஒன்றை ஓடவைப்பதுதான் திட்டம்.

கொட்டகைக்காரர் கெடு வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லாரியோட வருவேன். ஓடாத வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது!"

டேப்புக்குப் பச்சைக் கார் என்றால் உயிர். முதல்முதலாகக் கடலைப் பார்க்கப் போனது அதில்தான். பல் பிடுங்கிய அன்று ஓவென்று அழுதுகொண்டே வந்ததும் அதன் பின்சீட்டில்தான். அதை நசுக்குவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

எதிர் லாரி ஒர்க் ஷாப்காரர் எஞ்சின் தூக்கும் கிரேனைச் சனிக்கிழமை பத்து மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு அது வெளியூர் போய்விடும்.

சுவரில் சாக்பீஸால் படம் வரைந்து திட்டம் போட்டார்கள். பச்சைக் காரில் எஞ்சின் உட்காரும் குழியை அம்மா பக்கவாட்டில் வரைந்தார். குழியின் அடியில் ஒரு குறுக்கு இரும்பு, அதை அடுத்துக் காலி இடம். மாமா சிவப்புக் காரின் எஞ்சினை வரைந்தார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி ஒன்று உண்டு. சம்ப் என்பார்கள். அதன் தொப்பை ஒரு பக்கமாகக் கீழே இறங்கியிருக்கும். படத்தில் அந்தத் தொப்பை காலி இடத்துக்கு நேராக வந்தது.

"கச்சிதம்!" என்றார் மாமா. சுவரில் 'திட்டம் ரெடி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

டேப்புக்குக் கை துறுதுறுத்தது. படம் பார்த்தால் போதுமா, அளக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், போன முறை கிரேன் வந்தபோது கழற்றி டயர்கள்மேல் வைத்திருந்த சிவப்புக் கார் எஞ்சினை அளந்தாள். டயர் ஓட்டைக்குள் கையை விட்டுத் தொப்பையையும் அளந்தாள். கை கறுப்பானதுதான் மிச்சம் என்று மாமா சிரித்தார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, அதே அளவில் ஓர் எஞ்சின் செய்தாள். ஒரு முனையில் 'முன்பக்கம்' என்று எழுதினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதைப் பச்சைக் காரின் குழிக்குள் இறக்கினாள். பாதியில் நின்றுவிட்டது! தொப்பை குறுக்கு இரும்பின் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது.

மறுபடி அளந்தாள். அளவு சரிதான். ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தாள். அம்மாவின் படத்தில் காரின் மூக்கு இடது பக்கம் இருந்தது. மாமாவின் படத்தில் எஞ்சினின் காற்றாடி வலது பக்கம் இருந்தது. காற்றாடி காரின் மூக்குப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? அம்மா காரின் இந்தப் பக்கம் நின்று வரைந்திருக்கிறார். மாமா எஞ்சினின் அந்தப் பக்கம் நின்று வரைந்திருக்கிறார்!

உடனே மாமாவிடம் ஓடப் பார்த்தாள். ஆனால், "மாமா, உங்க படம் தப்பு" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "போய் வீட்டுப்பாடம் எழுது" என்பார். கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, என் அட்டை எஞ்சின் உள்ள போக மாட்டேங்குது. எங்க தப்பு பண்ணியிருக்கேன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"அட, இவ்வளவுதானே!" மாமா குஷியாக வந்தார். அட்டையை அழுத்திப் பார்த்தார், எடுத்துத் திருப்பினார், அளவு டேப்பை வாங்கி அளந்தார். குழியை எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"என்னடா தம்பி, என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"அக்கா... இவ சரியாத்தான் செஞ்சிருக்கா. நான்தான் முன்பக்கம் பின்பக்கம் மாத்தி வரைஞ்சு தொலைச்சிருக்கேன்."

"கிரேன் வர ரெண்டு மணி நேரம்கூட இல்லையேடா!" அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

டேப் அதற்குள் ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த சாம்பல் காரின் உடைந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டிருந்தாள். "அம்மா, இதோட தொப்பை பின்பக்கம் இருக்கு! போல்ட் ஓட்டையெல்லாம் அளந்துட்டேன், ஒரே இடைவெளி. இந்த சம்ப்பை சிவப்புக் கார் எஞ்சினுக்கு மாட்டினா?"

அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேப் அட்டைத் தொப்பையைப் பிய்த்துப் பின்பக்கம் ஒட்டினாள். மறுபடி இறக்கினாள். அட்டை எஞ்சின் வழுக்கிக்கொண்டு அடிவரை போய் உட்கார்ந்தது.

"கழட்டுடா தம்பி!" என்று கத்தினார் அம்மா.

அதன்பின் கொட்டகையே அல்லோலகல்லோலப்பட்டது. சிவப்புக் கார் எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். பழைய சம்ப்பைக் கழற்றி, சாம்பல் எஞ்சினின் சம்ப்பையும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் மாட்டினார்கள். கடைசி போல்ட்டை முறுக்கும்போது கிரேன் வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டே முக்காலுக்கு எஞ்சின் பச்சைக் காருக்குள் இறங்கியது. எங்கும் இடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒயர், குழாய், பெல்ட் என்று வேலை. நாலரை மணிக்கு லாரி சத்தம் கேட்டது. கொட்டகைக்காரர் லாரியை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்ன, ஏத்திடலாமா?"

அம்மா நேராகப் பச்சைக் காருக்குப் போனார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. அம்மா மறுபடி திருப்பினார்.

உறுமிக்கொண்டு கிளம்பியது பாருங்கள்! மாமா ஆளுயரத்துக்குக் குதித்தார். டேப்பைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, தான் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டேப் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வழியை விடுங்க! ஓடுற வண்டி வருது!"

கொட்டகைக்காரர் அவசர அவசரமாக லாரியில் ஏறினார். இரும்பு ஏற்ற வந்த லாரி தெருக்கோடிவரை ரிவர்ஸில் பின்னாலேயே போயிற்று. பச்சைக் கார் ஹாரன் அடித்தபடி முன்னாலேயே வந்தது.