முத்துச் சல்லடை

2011 நவம்பர் 12ஆம் திகதி பிற்பகல், புத்தளத்தை அடுத்த மதுரங்குளிச் சந்தியிலுள்ள பழைய தளபாடக் கடையொன்றுக்குத் தேக்கு அலுமாரி ஒன்று விற்கப்பட்டது.

விற்றவர் நபீலாவின் அண்ணன், அவளுடைய நானா. அலுமாரி, அந்த வருடம் மௌத்தாகி மறைந்த அவர்களின் தந்தை, வாப்பாவுடையது. யுத்தம் முடிந்து மன்னாரிலுள்ள சொந்த ஊரான எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் ஆயத்தத்தில் இருந்தது குடும்பம். பாரமான சாமான்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டன.

மறுநாள் வாப்பாவின் தகரப் பெட்டியை ஒதுக்கியபோதுதான் நபீலா அந்தத் துணி முடிச்சைக் கண்டாள். உள்ளே, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய பித்தளைக் கிண்ணங்கள். அடியெல்லாம் துளைகள்.

"முத்துச் சலிக்கிற சல்லடை," என்றார் உம்மா. "வாப்பாட பாட்டனார் முத்து வியாபாரி. தொண்ணூறுல புலிகள் எங்கட ஆக்களை வெளியேத்தி, ஊரை விட்டு வள்ளத்துல கற்பிட்டிக்கு வரக்குள்ள, வாப்பா உடுப்பை விட்டுட்டு இதைத்தான் மடியில கட்டினார். ஆகச் சின்னதைக் காணல்லியே... அலுமாரி இழுப்பறை லாச்சிக்குள்ள வெச்சிட்டாரோ?"

நபீலா குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மதுரங்குளியில் மழை சாய்ந்து பெய்தது. கடைக்குள் கடைக்கார இளைஞன் ஒருவன் தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தான். வடித்தது... அந்தச் சின்னக் கிண்ணத்தில்.

"அதைக் கீழ வைங்க."

நிமிர்ந்தான். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்.

"தேத்தண்ணி வேணுமெண்டா தாறன். வடியை ஏன் பறிக்கிறீங்க?"

"அது வடி இல்ல. எங்கட வாப்பாட முத்துச் சல்லடை."

"நல்ல சல்லடைதான். ஒரு தூள் கீழ விழல்ல."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஓ... நேத்து அலுமாரி தந்த அகதி ஆக்களா நீங்க?"

அவள் சிரிப்பு நின்றது.

"நான் பிறந்ததும் படிச்சதும் புத்தளத்துல. இருபது வயசாகுது. இன்னும் எத்தனை வருசத்துக்கு நாங்க அகதி?"

அவன் கிண்ணத்தைக் கழுவி, சேட்டின் நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"பிழைதான். நாக்கு பழகிட்டு. என்ட பேர் முஆஸ்... ஏசுறதெண்டா பேர் சொல்லி ஏசுங்க."

அவள் ஏசவில்லை. குடையை அங்கேயே மறந்துவிட்டு, நனைந்தபடி பஸ் ஏறினாள். இவனை நினைக்கக் கூடாது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தாள்.

முஆஸின் கையில் குடை வீடு தேடி வந்தது. பிறகு, நானாவிடம் கதிரை விலை பேச வந்தான். கதிரையை வாங்கவில்லை. மீண்டும் வந்தான்...

உம்மாவுக்கு விளங்கிற்று. "நல்ல புள்ளதான். ஆனா எங்கட வழக்கத்துல மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தானே வரணும்? உனக்கு வீடு கட்டுறது எருக்கலம்பிட்டியில. கடையையும் அவன்ட உம்மாவையும் விட்டுட்டு அவன் அங்க வருவானா? பேசாம நீ இங்கயே நின்டிரு."

"நான் ஊருக்குத்தான் போவன்," என்றாள் நபீலா. வாப்பாவின் மண்ணை விடமாட்டாள். வா என்று அவனிடம் கேட்கவும் மாட்டாள். அன்றிரவு தலையணை மட்டும் நனைந்தது.

டிசம்பர் கடைசியில் சாமான் ஏற்ற லொறி வந்தது. ஓட்டி வந்தவன் முஆஸ்.

"ஒரு கதை கேக்கணும்," என்றான், கயிற்றை இறுக்கியபடி. "நீங்க கட்டுற வீட்டுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?"

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்கட உம்மா விடுவாவா?"

"முதல்ல கதைக்கவே இல்ல. பொறகு, 'அந்தப் புள்ள எப்படி'ண்டு கேட்டா. கோபம் நல்லா வரும், நியாயமாத்தான் வரும் எண்டன்."

"அங்க ஆக்கள் உங்களைப் பிற ஊரான், வந்தான் வரத்தான் எண்டுவாங்க."

"சொல்லட்டும். நீங்க சொல்லாட்டிப் போதும்."

அவள் நேராக அவன் கண்களைப் பார்த்தாள்.

"வாங்க. எனக்கு விருப்பம்... அண்டைக்கு மழையில நனைஞ்சி போனேனே, அப்பவே."

2012 மே மாதம் எருக்கலம்பிட்டியில் நிக்காஹ் நடந்தது. முஆஸ் வழக்கப்படி பெண் வீட்டில் குடியேறினான். மதுரங்குளிக் கடையை அவன் தம்பி நடத்துகிறான்.