வாரோடு வந்த முரசு

மழைக்கு ஒதுங்க அந்தக் கோர்ட் வாசலை விட்டால் வேறு இடமே கிடைக்கவில்லையா அவனுக்கு? ஓடி வந்த வேகத்தில் அவள்மேல் மோதி... கறுப்பு கோட்டெல்லாம் சேறு.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"இவ்ளோ நேரம் நல்லாத்தான் தெரிஞ்சுது... இப்பதான் கொஞ்சம் தடுமாறுது."

வாய்க்கொழுப்பைப் பாரேன்! முறைத்தாள். ஆனால் அவள் கண்கள்... கோபத்திலும் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். அவன் கைக்குட்டையை நீட்டினான். வாங்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே வாங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம்தான்... கூண்டில் ஏறியவனைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்த்தரப்பு சாட்சியே அவன்தான். அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைச் செப்பனிடுகிறவன்.

அவள் மலைச்சனத்தின் வக்கீல். அந்தச் சனத்தின் மகளும்கூட. அவள் கொள்ளுத்தாத்தா தோளில் சுமந்த முரசு இன்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. மனமுவந்து கொடுத்தார்கள் என்கிறது அருங்காட்சியகம். பறித்துக்கொண்டு போனீர்கள் என்கிறாள் இவள்.

போயும் போயும் இவன்கிட்டயா கைக்குட்டை வாங்கினே... மனசு குத்தியது. எழுந்தாள்.

"எங்க சனம் முரசை மனசாரக் கொடுத்தா, தோள்வாரை அவுத்து வீட்டுல வெச்சுக்கும். இந்த முரசுல வார் இருக்கே, எப்படி?"

"அது அருங்காட்சியகம் பின்னாடி மாட்டினது," என்று குறுக்கே விழுந்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"முரசைத் தொட்டு வேலை பார்த்தது இவர். இவர் சொல்லட்டும்."

முன்வரிசையில் அருங்காட்சியக இயக்குநர் அர்த்தத்தோடு இருமினார். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வாரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினேன். அடியில மரம் தேஞ்சு பள்ளம் விழுந்திருக்கு. வாரும் பள்ளமும் அப்படியே பொருந்துது. காலங்காலமா உரசினாத்தான் அப்படித் தேயும். அது முரசோடவே வந்த வார். யாரும் மாட்டல."

அவன் சொன்னது அவள் பக்கத்துக்கே பலம். ஆனாலும் நன்றி சொல்லாமலே போய்விட்டாள். பாவம் பார்த்துச் சொன்னானோ? அப்படியென்றால் அந்தப் பிச்சை அவளுக்கு வேண்டாம்.

சில வாரங்களில், முரசு மலைக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. அருங்காட்சியக வாசலில் அவள் அப்பாவும் உறவுக்காரர்களும் முரசை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது... மழையில் நனைந்தபடி அவன்.

"வேலை போயிடுச்சாமே?"

"போச்சு."

"எனக்காகவா அப்படிச் சொன்னீங்க?"

"இல்லீங்க. உங்க இடத்துல ஒரு சிடுமூஞ்சிக் கிழவர் நின்னு கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

அப்பாடா... அவள் வீம்பு அந்த இடத்திலேயே கரைந்தது.

"ஆனா, இப்ப வந்து நிக்கிறது உங்களுக்காகத்தான். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அப்பா திரும்பிப் பார்த்தார். "யாரும்மா? அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காரங்க ஆளா? அவங்க சகவாசமே நமக்கு வேண்டாம். வந்து வண்டில ஏறு."

அவள் ஏறவில்லை. எல்லோரும் பார்க்க, அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்குப்பா. முரசுக்காகத் தலைமுறை தலைமுறையா காத்துக் கிடந்தோம்... இவருக்காக நான் ஒரு நாள்கூடக் காத்துக் கிடக்க மாட்டேன்."